வீட்டிலேயே சீனிப்பாகு வேக்ஸ்: முதன்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

கை, கால், அக்குள் முடியை வீட்டிலேயே நீக்கிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்த பிறகு நான் மூன்று முறை தோற்றேன். முதல் முறை பாகு ஆறியதும் கற்கண்டுபோல் பூத்துவிட்டது. இரண்டாம் முறை அது கடலை மிட்டாயாக இறுகிப் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் முறை பாகு சரியாக வந்தது. ஆனால் மேலுதட்டில் முடியோடு சேர்ந்து தோலும் உரிந்து வந்தது. காணொளிகளில், தோலில் தடவிய பாகின்மேல் ஒட்டிய துணியைச் சட்டென்று இழுக்கும் அந்த ஒரு நொடியைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு நேர்ந்த மூன்று தவறுகளில் ஒன்றுகூட அந்த நொடியில் நேரவில்லை. மூன்றும் அதற்கு முன்பே, அடுப்படியிலும் மருந்துப் பெட்டியிலும் நேர்ந்தவை. ஆகவே இந்தக் கட்டுரையில் இழுப்பதைவிட அதற்கு முந்தைய வேலைகளே அதிக இடம் எடுத்துக்கொள்ளும்.

1. முதலில் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

சீனி வாங்குவதற்கு முன்னால், நீங்கள் தற்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையும் பூசும் களிம்புகளின் உறையையும் மேசைமேல் எடுத்து வையுங்கள். முகப்பருவுக்காக ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேக்ஸ் செய்யக் கூடாது. மாத்திரையை நிறுத்திய பிறகும் குறைந்தது 6 மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மருந்தால் தோல் எளிதில் உரியும் நிலைக்கு வந்துவிடுகிறது, உரிந்த இடத்தில் தழும்பும் விழலாம். அடாபலீன், ட்ரெடினோயின், கிளைகோலிக் அமிலம் போன்றவற்றைப் பூசுகிறவர்கள், பூசிய இடத்தில் வேக்ஸ் செய்வதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே அவற்றை நிறுத்திவிட வேண்டும். என் மேலுதட்டில் நடந்தது இதுதான். இரவில் பருவுக்காக அடாபலீன் ஜெல் பூசிக்கொண்டிருந்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உரிந்த இடம் ஒரு வாரத்தில் ஆறியது, ஆனால் அங்கே விழுந்த பழுப்புக் கறை மறைய மாதக்கணக்கில் ஆயிற்று. நம்முடைய மாநிறத் தோலில் சிறு காயம்கூட இப்படிக் கறையை விட்டுச் செல்வது வழக்கம்.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு பயன்படுத்துகிறவர்கள், சர்க்கரை நோயால் காலில் புண் ஆறத் தாமதமாகிறவர்கள், கால் நரம்பு புடைத்துச் சுருண்டிருப்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். மச்சம், மரு, வெயிலில் கன்றிய தோல், ஆறாத கீறல் ஆகியவற்றின் மேல் யாருமே வேக்ஸ் வைக்கக் கூடாது. மச்சத்தில் முளைக்கும் முடியைச் சிறு கத்தரியால் ஒட்ட வெட்டிவிட்டால் போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாடை, மார்பு, தொப்புளுக்குக் கீழே கருமையான தடித்த முடி அண்மைக் காலத்தில் அதிகமாகியிருந்து, மாதவிடாயும் தள்ளித் தள்ளி வந்தால், அது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையின் அறிகுறியாக இருக்கலாம். அப்படியானால் முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். வேக்ஸ் அந்த முடியை எடுத்துவிடும். காரணம் உள்ளே அப்படியே இருக்கும்.

2. எந்த இடத்துக்கு எந்த முறை

முழங்கை முதல் மணிக்கட்டு வரையிலும் முழங்காலுக்குக் கீழேயும் சீனிப்பாகு நன்றாக வேலை செய்யும். முதல் முறை செய்பவர்கள் இந்த இரண்டு இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அக்குளில் முடி இரண்டு மூன்று திசைகளில் வளரும், தோலும் தளர்ந்திருக்கும். கை பழகிய பிறகு அங்கே போகலாம். அந்தரங்கப் பகுதியை வீட்டில் தனியாக, அதுவும் முதல் முறையிலேயே முயல்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே முடி நீளமாகத் தோன்றினால் கத்தரியால் அளவாக வெட்டிக்கொள்வதே போதுமானது. மூக்குத் துவாரம், காதின் உட்புறம் ஆகியவை வேக்ஸுக்கான இடங்களே அல்ல.

முடி நீக்கும் க்ரீம் வலியில்லாதது, ஆனால் அது முடியை வேரோடு எடுப்பதில்லை. அதிலுள்ள தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருள் முடியின் புரதப் பிணைப்பை உடைத்து, தோலின் மட்டத்தில் முடியைக் கூழாக்கிவிடுகிறது. தோலும் அதே வகைப் புரதத்தால் ஆனதுதான் என்பதால், உறையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கை மீறினால் தோல் வெந்துபோகும். கடிகாரம் இல்லாமல் க்ரீம் பூசாதீர்கள். உடலுக்கான க்ரீமை முகத்தில் பூசாதீர்கள். வேக்ஸ் செய்த அதே நாளில் அதே இடத்தில் பூசவே பூசாதீர்கள்.

ரேசர் மிக மலிவானது, மிக விரைவானது. மழித்தால் முடி தடித்து வளரும் என்று நம் வீடுகளில் சொல்வது உண்மையல்ல. மழிக்கும்போது முடியின் கூர்நுனி போய் மொட்டை நுனி வெளியே வருவதால், தடவிப் பார்க்கும்போது சொரசொரப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். எபிலேட்டர் கருவி சில ஆயிரம் ரூபாய் விலையுள்ளது; முடியை வேரோடு பிடுங்குகிறது, வலியும் வேக்ஸுக்குக் குறைந்ததல்ல. ஒளியைப் பாய்ச்சி முடியின் வேரைச் சுடும் ஐ.பி.எல் கருவியை வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் எண்ணம் இருந்தால், பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் தோல்நிற அட்டவணையை முதலில் பாருங்கள். அந்த ஒளி கருமையைத் தேடிச் சுடுகிறது. தோலே கருமையாக இருந்தால் முடிக்குப் பதிலாகத் தோல் சுடப்படும்.

3. வாங்க வேண்டியவையும் செலவும்

ஒரு தம்ளர் அளவுள்ள வெள்ளைச் சீனி, அதாவது சுமார் 200 கிராம். சாறுள்ள எலுமிச்சம்பழம் ஒன்று அல்லது இரண்டு. அரை மீட்டர் காடாத் துணி. கடையில் கட்டாக விற்கும் ஐஸ் குச்சிகள். வாசனை குறைந்த டால்கம் பவுடர். அடிகனமான சிறு பாத்திரம். நான் கடைசியாக வாங்கியபோது, பாத்திரம் நீங்கலாக எல்லாம் சேர்த்து நூறு ரூபாயைத் தாண்டவில்லை. துணியை வெந்நீரில் அலசிக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதால் அடுத்த முறை சீனிக்கும் எலுமிச்சைக்கும் மட்டுமே செலவு. எங்கள் பகுதிப் பார்லரில் இரு கைகளுக்கும் அரைக்காலுக்கும் இதைப்போல ஏழெட்டு மடங்கு ஆகிறது.

துணி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய டி-ஷர்ட்டைக் கிழித்துப் பட்டை செய்தால் அது இழுக்கும்போது நீண்டு கொடுக்கும். முடி வராது, வலி மட்டும் வரும். நீண்டுகொடுக்காத காடா, பழைய படுக்கை விரிப்பு, கிழிந்த ஜீன்ஸ் ஆகியவை நன்றாக உதவும். மூன்று விரல் அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள பட்டைகளாக ஒரு டஜன் வெட்டி வையுங்கள்.

கடையில் வாங்கும் வேக்ஸைப் பயன்படுத்துவதானால், அது தண்ணீரில் கரையும் வகையா, பிசின் கலந்த வகையா என்பதை உறையில் படித்துக்கொள்ளுங்கள். பிசின் வகை தண்ணீருக்கு அசையாது. தேங்காய் எண்ணெய் தொட்டுத்தான் துடைக்க வேண்டும். இது தெரியாமல் குளியலறையில் அரைமணி நேரம் காலைத் தேய்த்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு.

4. நாளைக் குறித்தல்

முடி ஏறத்தாழ 6 மில்லிமீட்டர், அதாவது ஓர் அரிசி நீளம் வளர்ந்திருக்க வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் பாகு பிடிக்காது; அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் கத்தரித்துக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையெனில் தேவையில்லாமல் வலிக்கும். கடைசியாக மழித்திருந்தால் இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பலருக்கு வலி கூடுதலாகத் தெரிவதால், அது முடிந்த வாரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கல்யாணம், விசேஷம் என்றால் அதற்கு முந்தின நாள் செய்யாமல் மூன்று நான்கு நாள் முன்பே முடித்துவிடுங்கள். சிவப்பும் சிறு பொரிப்பும் அடங்க அவகாசம் கிடைக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, பாகு காய்ச்சக் கால்மணி, ஆற முக்கால்மணி, முதல்முறை இரண்டு முன்கைகளுக்கும் சேர்த்து முக்கால்மணி என்று கணக்கு வையுங்கள். மாலையில் செய்தால் உடனே வெயிலில் போக வேண்டியிருக்காது. வியர்க்கும் நேரத்தில் செய்யாதீர்கள். சீனி ஈரத்தை இழுத்துக் குழகுழவென்று ஆகிவிடும். சித்திரை மாதத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்காருவதைத் தவிர எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

5. பாகு காய்ச்சுதல்

200 கிராம் சீனிக்கு இரண்டு மேசைக்கரண்டி வடிகட்டிய எலுமிச்சைச் சாறும் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரும் சேர்த்துச் சிறு தீயில் வையுங்கள். எலுமிச்சை இங்கே மணத்துக்காகச் சேர்க்கப்படுவதில்லை. அதன் புளிப்பு சீனியின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடுவதால்தான் பாகு பூக்காமல் இழுவையாக நிற்கிறது. நான் முதல் முறை சாற்றைக் கண்ணளவாகச் சில சொட்டுகள் மட்டும் பிழிந்ததால்தான் அது கற்கண்டாயிற்று.

சீனி கரையும்வரை கிளறுங்கள். கரைந்த பிறகு கரண்டியை எடுத்துவிடுங்கள். கொதிக்கும் பாகைக் கிளறிக்கொண்டே இருந்தாலும், பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சீனி மணிகள் உள்ளே விழுந்தாலும் மீண்டும் பூக்கத் தொடங்கும். ஓரத்தை ஈரத் தூரிகையால் ஒருமுறை வழித்துவிடலாம். முதலில் பெரிய குமிழிகள் வரும், பின்பு அவை சிறுத்து நெருங்கும், நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்குத் திரும்பும். என் அடுப்பில் இதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது, உங்கள் அடுப்பில் வேறாக இருக்கலாம். ஆகவே கடிகாரத்தை நம்பாமல் பதத்தைப் பாருங்கள்.

இந்த இடத்தில் நம் அடுப்படி அறிவு கைகொடுக்கும். ஒரு எவர்சில்வர் தம்ளரில் குளிர்ந்த தண்ணீர் வைத்து, அதில் ஒரு சொட்டு பாகை விடுங்கள். சொட்டு கரைந்து பரவினால் இன்னும் காய வேண்டும். இரண்டு விரலுக்கிடையே நூலாக இழுபடுவது கம்பிப் பதம், அதுவும் போதாது. தம்ளரின் அடியில் சொட்டு தங்கி, விரலால் திரட்டினால் மெத்தென்ற உருண்டையாகி, அழுத்தினால் தட்டையானால் அதுதான் நமக்கு வேண்டியது. அதிரசத்துக்கு வெல்லப்பாகு எடுக்கும் அதே உருட்டுப் பதம். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு இது 115 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும். உருண்டையைத் தம்ளரில் தட்டினால் 'டங்' என்று ஒலிக்கிறதென்றால் கடலை மிட்டாய்க்குப் போய்விட்டீர்கள். அப்படியானாலும் கொட்ட வேண்டாம்: ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுச் சிறு தீயில் இளக்கி மீண்டும் பதம் பாருங்கள். பூத்துப்போன பாகுக்கும் தண்ணீரோடு சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து இதையே செய்யலாம்.

அடுப்பை அணைத்தவுடன் பாகைத் தடித்த கண்ணாடிக் கிண்ணத்துக்கோ எவர்சில்வர் டப்பாவுக்கோ மாற்றுங்கள், பிளாஸ்டிக் உருகிவிடும். கொதிக்கும் தண்ணீரைவிடக் கொதிக்கும் பாகு மோசமாகச் சுடும், காரணம் அது தோலில் ஒட்டிக்கொண்டு விலகாது. பிள்ளைகளை அடுப்படிப் பக்கம் விடாதீர்கள். பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதையும் அப்ப வேண்டாம். ஆறிய பாகை மைக்ரோவேவில் மீண்டும் சுடவைக்கும்போது மேற்பரப்பு வெதுவெதுப்பாகவும் நடுவில் கொதிநிலையாகவும் இருக்கக்கூடும் என்பதால், நன்றாகக் கலக்கிய பின்பே தொட வேண்டும்.

6. ஒரு நாள் முன்னதாகச் சோதனை

பாகை முதல் நாளே காய்ச்சிவிடுங்கள். ஆறியதும் கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தடவி, துணி வைத்து எடுத்து, 24 மணி நேரம் கவனியுங்கள். அரிப்பும் தடிப்பும் வந்தால் திட்டத்தைக் கைவிடுங்கள். கடை வேக்ஸில் வாசனைப் பொருளும் பிசினும் இருப்பதால் அதற்கு இந்தச் சோதனை இன்னும் அவசியமானது.

7. தடவுவதும் இழுப்பதும்

சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, எண்ணெயோ லோஷனோ இல்லாத தோலில் மெல்லிய பவுடர் பூச்சு போடுங்கள். பவுடர் வியர்வையை உறிஞ்சுவதோடு, எந்தப் பக்கம் முடி சாய்கிறது என்பதையும் எடுத்துக்காட்டும். சாய்வைக் கவனமாகப் பாருங்கள்: முன்கையில் முடி நேராக மணிக்கட்டை நோக்கிப் போவதில்லை, சுண்டுவிரல் பக்கமாகச் சரிந்து போகும்.

பாகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்துச் சூட்டைச் சோதியுங்கள். பின்பு ஐஸ் குச்சியால் எடுத்து, முடி சாயும் திசையிலேயே மெல்லிய படலமாக, இரண்டு விரல் அகலத்துக்கும் ஒரு விரல் நீளத்துக்கும் மட்டும் இழுத்துத் தடவுங்கள். தோசை மாவுபோல் தடிமனாகத் தடவினால் துணி அதன் மேலோடு நின்றுவிடும். துணியை வைத்து, பிடித்து இழுக்க நுனியில் இரண்டு அங்குலம் விட்டு, அதே திசையில் நான்கைந்து முறை அழுத்தித் தேயுங்கள்.

இழுப்பது எதிர்த்திசையில். ஒரு கையால் தோலை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, மறுகையால் துணியைத் தோலோடு ஒட்டியபடியே பின்னோக்கி ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். மேல்நோக்கித் தூக்கி இழுத்தால் முடி நடுவில் அறுந்துபோகும், தோலும் கன்றும். பயத்தில் பாதியில் நிறுத்துவதுதான் எல்லாவற்றையும்விட வலிக்கும்; எனக்கு அது இரண்டாம் பட்டையில் நடந்தது, அப்படியே துணியோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பாதியில் நின்றுவிட்டால் வெந்நீரில் நனைத்த துணியை மேலே வையுங்கள், பாகு கரைந்து விட்டுவிடும். இழுத்த கணமே உள்ளங்கையால் அந்த இடத்தை அழுத்தினால் எரிச்சல் சட்டென்று தணியும்.

ஒரே இடத்தில் இரண்டு முறைக்கு மேல் வைக்காதீர்கள். மீந்த நாலைந்து முடிகளைப் பிளக்கரால் எடுத்துக்கொள்ளலாம். வலி தெரியாமலிருக்க மரத்துப்போகும் களிம்பைக் கைகால் முழுக்கப் பூசுவது ஆபத்தானது; பெரிய பரப்பில் பூசினால் மருந்து இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். இன்னொருவருக்கும் செய்துவிடுகிறீர்கள் என்றால் தோலில் பட்ட குச்சியைத் திரும்பப் பாகில் தோய்க்காமல் ஒவ்வொரு முறையும் புதுக் குச்சி எடுங்கள். அக்காளும் தங்கையும் என்றாலும் இதில் சலுகை இல்லை.

8. முதல் 24 மணி நேரம்

ஒட்டியிருக்கும் பாகைத் தண்ணீரால் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியைச் சிறிது நேரம் போட்டுவைத்து, மணமில்லாத கற்றாழை ஜெல்லோ சாதாரண மாய்ஸ்சரைசரோ தடவுங்கள். அன்றைக்கு வெந்நீர்க் குளியல், நீச்சல், உடற்பயிற்சி, இறுக்கமான லெக்கிங்ஸ் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அக்குளில் செய்திருந்தால் டியோடரண்டும் வேண்டாம். மஞ்சளையும் எலுமிச்சையையும் குழைத்துப் பூசச் சொல்லும் பாட்டி வைத்தியம் எந்த வீட்டிலும் கிளம்பும். முடி பிடுங்கிய தோலில் எலுமிச்சை எரியும்; வெயிலில் போனால் கறையும் விழும். பாட்டியிடம் நாளைக்குப் பூசுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். வெயிலில் போகும் நாட்களில் எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுங்கள்.

சிறு சிவப்புப் புள்ளிகள் ஓரிரு நாளில் மறைந்துவிடும். சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, தொட்டால் சுட்டாலோ, சீழ் கோத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ தோல் மருத்துவரிடம் போங்கள்.

9. அடுத்த வாரங்கள்

மூன்று நாள் கழித்து, வாரத்துக்கு இரண்டு முறை குளிக்கும்போது, ஊறவைத்து மென்மையாக்கிய பீர்க்கங்காய் நாரால் அழுத்தாமல் தேயுங்கள். புதிதாக முளைக்கும் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாவதை இது குறைக்கும். அப்படிச் சுருண்ட முடியை ஊசியால் நோண்டாதீர்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலும் தானாக வெளியே வரும்.

இரண்டாம் வாரத்திலேயே அங்கங்கே முடி தெரிந்தால் வேக்ஸ் பலிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. நீங்கள் இழுத்த அன்று தோலுக்கடியில் இருந்தவை இப்போது தலைகாட்டுகின்றன. நடுவில் ரேசரை எடுத்துவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் மீண்டும் அரிசி நீளம் வந்துவிடும், அடுத்த தேதியை அப்போது குறியுங்கள்.

மீந்த பாகை, தோலில் பட்ட குச்சி படாத பட்சத்தில், இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அடுத்த முறைக்கு ஆகும். பாத்திரத்தைச் சுரண்ட வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் தானே கரைந்துவிடும். தரையில் சிந்தியதை அன்றிரவே வெந்நீரால் துடைத்துவிடுங்கள். நான் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். விடிந்தபோது நாற்காலிக் காலிலிருந்து சமையலறை வாசல்வரை எறும்பு வரிசை போட்டிருந்தது.